பிடித்துக்கொண்ட போல்ட்

போல்ட் பார்வைக்குக் கம்பி. வேலையில் அது ஒரு ஸ்பிரிங். நட்டை முறுக்கும்போது போல்ட்டின் உடல் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்டது மீண்டும் சுருங்கப் பார்ப்பதால்தான் இரண்டு பாகங்களும் ஒன்றோடொன்று அழுந்தி நிற்கின்றன. முறுக்குகிறவர் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இந்தப் பிடிப்புக்குப் போய்ச் சேரும். பாதி, தலைக்கு அடியில் உரசலாகவே தீர்ந்துவிடும். மீதி மரைகளுக்கு இடையில் கரையும். எண்ணெய் காயாத புதுப் போல்ட்டிலேயே கணக்கு இப்படி. பல மழைக்காலம் சேற்றுத் தண்ணீரில் நனைந்து, சைலன்சர் சூட்டில் காய்ந்த போல்ட்டில் உராய்வு எந்த அளவுக்கு ஏறியிருக்கும் என்பதை, அதில் ஸ்பேனரை மாட்டித் தொங்கியவர்கள் அறிவார்கள்.

இறுகுவதற்குக் காரணங்கள் பல. முதலாவது துரு. துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான இடத்தைக் கேட்கும். மரைகளுக்கு நடுவே அந்த இடம் இல்லை. ஆகவே அது நட்டையும் போல்ட்டையும் நெருக்கி ஒரே துண்டாக்கப் பார்க்கும். இரும்புப் போல்ட் அலுமினியத்துக்குள் உட்கார்ந்திருந்தால், ஈரம் பட்டதும் இரண்டு உலோகங்களுக்கும் நடுவே சிறு மின்கலம்போல ஒரு வினை நடந்து அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிபடும். அந்தப் பொடியும் ஆப்பாகிவிடும். எக்ஸாஸ்ட் மானிஃபோல்டில் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்து மரையைச் சுட்டுப்போடும். இவை போக, மனிதர் செய்த இறுக்கமும் உண்டு. டயர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் அளவில்லாமல் முறுக்கப்பட்ட வீல் நட்டுக்குத் துருவே தேவையில்லை.

காரணம் எதுவானாலும், துருவுக்கு ஓய்வு பிடிக்கும். தினமும் அசையும் பாகத்தைவிட, மாட்டியதிலிருந்து ஒருவரும் தொடாத பாகமே அதிகம் பிடித்துக்கொள்கிறது. ஷாக் அப்சார்பரின் கீழ்ப் போல்ட், லோயர் ஆர்ம் புஷ்ஷின் நீளப் போல்ட், சைலன்சர் ஃபிளாஞ்சு, பிரேக்கில் காற்றெடுக்கும் நிப்பிள் ஆகியவை காரில் வழக்கமாகத் தகராறு செய்கிறவை. எல்லாமே அடியில், மறைவில், சேறு தெறிக்கும் இடத்தில் இருப்பவை.

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் இப்படிப்பட்ட போல்ட்டுகளைக் கழற்றும் வேலை பெரும்பாலும் தெருவோரத்தில் நடக்கும். சுரங்கத் தொழிலாளருக்குக் கட்டிய லைன் வீடுகளும் அவற்றை ஒட்டி வளர்ந்த தெருக்களும் கார் நிறுத்துவதை நினைத்து அமைந்தவை அல்ல. ஆனால் இரும்பைப் பிரித்து மாட்டும் பழக்கம் ஊரின் ரத்தத்தில் உண்டு. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்கத்தை எடுத்து நடத்தத் தொடங்கியதிலிருந்து, 2001 பிப்ரவரி 28-ல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்படும்வரை, வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கியது பாறைக்குள் மட்டும் அல்ல. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவரும் அளவுக்கு இங்கே இயந்திரங்கள் இருந்தன. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பம்பும் கம்பிரசரும் வைண்டிங் எஞ்சினும் ஒரு நாள் நின்றாலும் வேலை நின்றுவிடும். அவற்றை ஓடவைத்தவர்கள் ஃபிட்டர்கள். 1964-ல் தொடங்கிய பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலை, புல்டோசர் கட்டும் கைகளையும் ஊருக்குச் சேர்த்தது. சொந்தக் காரைத் தானே பிரித்துப் பார்க்கும் துணிச்சல் இங்கே பலருக்குத் தகப்பன் வழியாக வந்தது.

தகப்பனிடம் இருந்து பிள்ளையிடம் இல்லாமல் போனது நேரம். சுரங்கம் மூடிய பிறகு ஊரில் போதுமான வேலை இல்லை. மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் இருட்டோடு ஏறிப் பெங்களூருக்குப் போய், இருட்டிய பின் திரும்புகிறவர்களுக்கு, காரைத் தொட ஞாயிறு ஒன்றுதான் வாய்க்கிறது. பத்து மணிக்கு ஆரம்பித்து, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்து, சாயங்காலம் குடும்பத்தோடு எங்காவது போகவேண்டும் என்ற கணக்கோடு காருக்கு அடியில் நுழைபவர் முன்னால் இறுகிய போல்ட் நிற்கிறது. அது கேட்பதும் நேரத்தைத்தான். வீட்டில் முறிகிற போல்ட்டுகளில் பெரும்பாலானவற்றை முறிப்பது துரு அல்ல, இந்த அவசரமே என்று துணிந்து சொல்லலாம்.

ஆகவே வேலை சனிக்கிழமை இரவே தொடங்கவேண்டும். கம்பி பிரஷ்ஷால் மரையின் வெளித்தெரியும் பகுதியைத் தேய்த்துச் சேற்றையும் தளர்ந்த துருவையும் எடுப்பது முதல் காரியம். இதைச் செய்யாமல் எண்ணெய் விட்டால் எண்ணெயைச் சேறு குடித்துவிடும். மரைக்கு ஒன்றும் எட்டாது. பிறகு துரு விலக்கும் எண்ணெய். பட்டறைகளில் மண்ணெண்ணெயும் டீசலும் காலங்காலமாக இதற்குப் பயன்பட்டு வந்திருக்கின்றன. டபிள்யூடி-40 எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. 1953-ல் அமெரிக்காவில் அதை உருவாக்கியது உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காக. துருவுக்குள் புகுவதற்கென்றே செய்த எண்ணெய்கள் இந்த வேலைக்கு மேல். எந்த எண்ணெயானாலும், அது நுழையவேண்டிய இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது. அழுத்தம் கொடுத்து அதை உள்ளே தள்ள முடியாது. நுண்துளை ஈர்ப்பில் தானாக ஊர்ந்து போகவேண்டும். எண்ணெய் விட்டபின் போல்ட் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டுத் தட்டினால் துருப் படலத்தில் விரிசல் விழும், வழி திறக்கும். இரவு படுக்கப்போகும் முன் ஒரு முறை, விடிந்து ஒரு முறை. அடிக்கடி விடும் சில சொட்டுகள், ஒரேயடியாக ஊற்றும் அரை டப்பாவைவிட ஆழம் போகும்.

கார் எந்த ஊரில் ஓடியது என்பதை முன்பே கேட்டு வைப்பது நல்லது. தங்கவயல் கடலுக்குத் தூரம். கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கும் மேலே இருக்கும் வறண்ட ஊர். கே.ஏ. 08 எண்ணோடு இங்கேயே வாழ்ந்த காரின் அடிப்பகுதி பெரும்பாலும் நல்லபடியாக இருக்கும். சென்னையில் கடற்கரையோரம் பல வருடம் நின்ற காரை மலிவு என்று வாங்கி வந்தவர், அந்த விலைக் குறைவை ஒவ்வொரு போல்ட்டிலும் திருப்பிக் கட்டுவார். போல்ட்டின் அளவும் முன்பே தெரியவேண்டும். மாருதி போன்ற ஜப்பான் வழிக் கார்களில் எல்லாம் மில்லிமீட்டர். பழைய அம்பாசடரில் அங்குலக் கணக்கு. அதற்கு ‘கிட்டத்தட்டச் சரியாக’ உட்காரும் மில்லிமீட்டர் ஸ்பேனர்தான் தலையின் முனைகளை உருட்டிவிடும். திருப்பும் திசை இன்னொரு தொல்லை. மல்லாந்து படுத்து, கையை வளைத்து, பின்பக்கம் தெரியும் போல்ட்டைத் தொடும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். தலைக்கு நேரே முகம் இருப்பதாக நினைத்துக்கொண்டு கடிகாரத்துக்கு எதிர்த் திசை என்று பார்க்கவேண்டும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போய் முறித்தவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு.

காரைத் தூக்கி நிறுத்தியிருக்கும் முறையை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். அடியில் போகும் முன் காரின் எடை உறுதியான ஸ்டாண்டுகளில் இருக்கவேண்டும். ஜாக்கை மட்டும் நம்பக்கூடாது. சிமெண்டு ஹாலோ பிளாக்கின் மேல் நிறுத்துவது வழக்கத்தில் இருக்கிறது. அது முன்னறிவிப்பு இல்லாமல் பொடிந்து போகும். சாதாரண வேலையில் தப்பித்துக்கொள்ளும் கார், இறுகிய போல்ட்டை இரண்டு கையாலும் இழுக்கும்போது ஆடும். இந்த வேலையில் உயிர் போவது போல்ட்டால் அல்ல, அந்த ஆட்டத்தால்.

கருவியில், ஆறு முனைப் பாக்ஸ் ஸ்பேனர் போல்ட் தலையின் பக்கங்களைத் தாங்கிப் பிடிக்கும். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் மூலைகளை மட்டும் பிடிப்பதால் இறுகிய தலையில் வழுக்கும். ஸ்க்ரூ ஸ்பேனர் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. பாக்ஸ் முழுவதும் உள்ளே இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கவேண்டும். தலையைச் சுற்றி இருக்கும் ஒரு மில்லிமீட்டர் சேறு போதும், பாக்ஸ் பாதியில் நிற்க. தள்ளுவதைவிடத் தன்னை நோக்கி இழுப்பது நல்லது, வழுக்கினால் கை போய் இரும்பில் மோதாது.

பிறகு வருவது பைப். கை ஓய்ந்ததும் எல்லோருக்கும் தோன்றுவது, ஸ்பேனரின் பிடியில் ஒரு பைப்பைச் செருகி நீளமாக்குவதுதான். கணக்கு எளிது: 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஒருவர் 40 கிலோ எடையைச் சாய்த்தால் சுமார் 240 நியூட்டன் மீட்டர் முறுக்கு வரும். 8.8 தரத்தில் 8 மில்லிமீட்டர் போல்ட்டை இறுக்கும் வழக்கமான அளவு சுமார் 25 நியூட்டன் மீட்டர். 10 மில்லிமீட்டருக்குச் சுமார் 50. ஆக, பைப் கையில் வந்ததும் போல்ட்டைவிட மனிதர் பல மடங்கு பலசாலி ஆகிவிடுகிறார். அதன்பின் போல்ட் கழலுமா முறியுமா என்பதைத் தீர்மானிக்கப் பலத்தால் ஆகாது. கவனம் ஒன்றுதான் வழி. பலம் போதாத வேலைகளில் மனிதர் தவறு செய்வது குறைவு. பலம் தேவைக்கு மேல் கையில் இருக்கும்போதுதான் எதை உடைக்கிறோம் என்று தெரியாமல் உடைக்கிறார்கள். வீட்டுக்குள் பிள்ளையிடம் குரல் உயர்த்தும் தகப்பனுக்கும் கையில் பைப் இருக்கிறது.

கவனம் என்பது இங்கே கேட்பதும் தொடுவதும். துரு விடும்போது ‘டக்’ என்று ஒரு ஓசை வரும். ஸ்பேனர் ஒரு நூல் நகர்ந்து நிற்கும். மறுபடி இழுத்தால் கிறீச்சிட்டு இன்னொரு நூல் நகரும். சத்தம் இந்த வேலையில் நல்ல சகுனம். முறியப்போகும் போல்ட் அப்படிச் சொல்லாது. முதலில் விறைப்பாக ஸ்பிரிங் போல எதிர்த்து, பிறகு ஓசையில்லாமல், வெண்ணெயில் திரும்புவதுபோல் மெதுவாக இளகும். அந்த இளக்கத்தைக் கழன்றுவிட்டது என்று நம்பி இன்னும் இழுப்பவர் கையில் அடுத்த நொடி போல்ட்டின் தலை தனியாக வந்துவிடும். சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. போல்ட்டின் தலையிலும், மறுபக்கம் வெளியே தெரியும் அதன் நுனியிலும் சாக்பீஸால் ஒரே நேராக ஒரு கோடு போட்டுவைத்து, மெல்ல இழுத்து, இரண்டையும் பார்க்கவேண்டும். இரண்டு கோடும் சேர்ந்து திரும்பினால் போல்ட் வருகிறது. தலைக்கோடு மட்டும் திரும்பி நுனிக்கோடு அங்கேயே நின்றால், நடுவில் உடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது. உடனே கையை எடுத்துவிட வேண்டும்.

தங்கவயலின் சுரங்கக் குடும்பங்களுக்குச் சேர்த்துவைத்த விசையின் குணம் புதிது அல்ல. ஆழத்தில் நெருக்கப்பட்ட பாறை நாள்கணக்கில் அசையாமல் நின்று ஒரே கணத்தில் வெடிக்கும் ராக் பர்ஸ்ட், இந்தச் சுரங்கங்களின் தீராத அபாயமாக இருந்தது. வெடிப்புக்கு முன் பாறை எழுப்பும் நுண்ணதிர்வுகளைக் கருவி வைத்துக் கேட்டுப் பதிவு செய்யும் ஆய்வு இங்கே நடந்தது. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ல் தங்கவயலில் அமைந்ததும் தற்செயல் அல்ல. அழுத்தத்தின் அளவைவிட அது எங்கே சேர்கிறது, எப்போது முனகுகிறது என்பதைக் கேட்கவேண்டும் என்ற அறிவை இந்த ஊர் மிகப் பெரிய விலை கொடுத்துப் பெற்றது.

ஒரு நூல் நகர்ந்துவிட்ட போல்ட்டை நேரே கழற்றிவிடக்கூடாது. நகர்ந்த அளவு திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கொஞ்சம் அதிகமாகத் தளர்த்தி, மறுபடி இறுக்கி என்று முன்னும் பின்னும் போகவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மரையிலிருந்து காப்பிப் பொடி நிறத்தில் குழம்பாகத் துரு வெளியே வரும். அதைத் துடைக்காமல் ஒரே திசையில் இழுத்தால் பொடி முன்னால் போய் அடைத்துக்கொள்ளும். பாதி வந்த போல்ட் முன்னைவிட மோசமாக இறுகும். கழன்றதுமே நின்றுவிடுகிற பொறுமைதான் அதிகம். ஆரம்பத்தில் இரவு முழுவதும் காத்திருந்தவரே முதல் அசைவைக் கண்டதும் பரபரப்பில் ஒரே இழுவையாக இழுத்துக் கெடுப்பது உண்டு.

எண்ணெயும் தட்டலும் பலிக்காத இடத்தில் சூடு. சுடவேண்டியது நட்டை, போல்ட்டை அல்ல. இரும்பு ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 10 மில்லிமீட்டர் துளையுள்ள நட் 300 டிகிரி சூடேறினால் துளை 0.03 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அகலும். கேட்பதற்கு ஒன்றுமில்லாத அளவு, ஆனால் துருப் படலம் நொறுங்க அதுவே போதும். உள்ளே இருக்கும் போல்ட்டும் சூடாகும் முன், விரைவாகச் சுட்டு விரைவாகத் திருப்பவேண்டும். சூடு குறைந்துவரும்போது மெழுகுவத்தியை மரையோடு ஒட்டிப் பிடித்தால் உருகிய மெழுகை மரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பழைய ஃபிட்டர்கள் கைக்குள் வைத்திருந்த யுக்தி இது. பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய், பிரேக் ஹோஸ், ரப்பர் புஷ், வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர் இவற்றின் அருகே தீயைக் கொண்டுபோகவே கூடாது. எண்ணெய் ஸ்ப்ரே அடித்த கையோடு சுடுவதும் கூடாது.

இதற்கும் அசையாவிட்டால், வேலையின் கேள்வி மாறுகிறது. அதுவரை ‘எப்படிக் கழற்றுவது’. இனி ‘எதை இழப்பது’. ஷாக் அப்சார்பர் மாற்றும் வேலையில் பழைய ஷாக்கும் பழைய போல்ட்டும் எப்படியும் குப்பைக்குப் போகிறவை. அந்தப் போல்ட்டைக் காப்பாற்ற மூன்று மணி நேரம் போராடுவதில் பொருள் இல்லை. கிரைண்டரால் தலையை அறுத்துவிடலாம், நட்டை உளி வைத்துப் பிளக்கலாம். ஆனால் அலுமினிய சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஸ்டட், போல்ட்டின் விலையில் இருக்கும் பாகம் அல்ல. அது முறிந்தால் ஹெட் முழுவதும் பணயம். ஆகவே, தொடுவதற்கு முன்பே ஒவ்வொரு போல்ட்டையும் பார்த்து, இது போனால் போகட்டும், இது போகக்கூடாது என்று மனதில் பிரித்துவிட வேண்டும். தீர்மானத்தைக் கோபம் வரும் முன்பே எடுத்துவிடவேண்டும். வியர்வை கண்ணில் இறங்கி, விரல் முட்டி தோலுரிந்த பிறகு எடுக்கும் முடிவில் பாகத்தின் மதிப்பு தெரிவதில்லை, எதிரே இருக்கும் இரும்பை ஜெயிக்கவேண்டும் என்பது மட்டுமே தெரிகிறது.

முறிந்துவிட்ட ஸ்டட்டுக்கு வழிகள் உண்டு. வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருப்புவது சிறந்தது. வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். உள்ளே முறிந்திருந்தால் சரியாக நடு மையத்தில் பஞ்ச் அடித்துத் துளையிடவேண்டும். ஈஸி அவுட் என்ற இடமரைக் கருவி வலுவான போல்ட்டையே விடாத துருவில் மாட்டி அங்கேயே முறியக்கூடும். கடினமான எஃகு என்பதால் சாதாரண டிரில் பிட் அதில் ஏறாது. அந்த நிலைக்கு வரும் முன்பே பாகத்தை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போவது புத்திசாலித்தனம். பிரேக் நிப்பிள் விஷயத்தில் எல்லை இன்னும் கிட்டே இருக்கிறது: உள்ளே துளையுள்ள மெல்லிய பாகம் அது, இரண்டாவது முயற்சியில் வராவிட்டால் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். ‘விடுப்பா, அப்புறம் பாத்துக்கலாம்’ என்று பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர் சொன்னால், அதைத் தோல்வியின் சொல்லாக எடுத்துக்கொள்ளவேண்டியதில்லை. அவர் எத்தனையோ முறிந்த போல்ட்டுகளைப் பார்த்தவராக இருப்பார்.

திரும்ப மாட்டும் வேலையை அடுத்து கழற்றப்போகிறவரை நினைத்துச் செய்யவேண்டும். பெரும்பாலும் அவரும் இவரேதான். துளையின் மரையை டேப் விட்டுச் சுத்தம் செய்து, தலை உருண்ட, உடல் மெலிந்த போல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அதே தரத்தில் புதியதைப் போடவேண்டும். நைலான் வளையமுள்ள நட்டையும் கழற்றிய ஸ்பிளிட் பின்னையும் மறுபடி பயன்படுத்தக்கூடாது. எக்ஸாஸ்ட் மரைகளுக்குச் செம்புக் கிரீஸ் தடவலாம். வீல் நட்டுக்குத் தடவவேண்டாம்; கம்பெனி சொல்லும் முறுக்கு அளவு உலர்ந்த மரைக்கானது, வழவழப்பான மரையில் அதே அளவு வைத்தால் போல்ட் அளவுக்கு மீறி நீளும். முதல் சில சுற்றுகளை எப்போதும் விரலால் மட்டுமே ஏற்றவேண்டும், ஸ்பேனரால் ஆரம்பித்தால் மரை மாறி ஏறுவது தெரியாது. ரப்பர் புஷ் வழியாகப் போகும் போல்ட்டுகளை, கார் தூக்கி நிற்கும்போது லேசாக மட்டும் பிடித்துவைத்து, சக்கரம் தரையில் இறங்கி எடை முழுவதும் உட்கார்ந்த பிறகே கடைசி முறுக்கு முறுக்கவேண்டும். அந்தரத்தில் முறுக்கிய புஷ், காரை இறக்கியதும் முறுக்கிய நிலையிலேயே நின்று, சீக்கிரம் கிழிந்து, அந்தப் போல்ட்டை மறுபடி கழற்றவைக்கும்.